கடைசிப் பூச்சு

புன்னைக்கடவில் எதுவுமே காயாமல் போன அந்த முப்பத்தாறு நாள்களைப் பற்றி இப்போது கேட்டால் ஆளுக்கொரு நாளைத் தொடக்கமாகச் சொல்வார்கள், ஆனால் தன் கித்தாருக்குக் கடைசிப் பூச்சு பூசிய ஞாயிற்றுக்கிழமைதான் அது என்பதில் ஜெனோவாவுக்குச் சந்தேகம் இல்லை, ஏனென்றால் அன்று மத்தியானம் பஞ்சுப் பொதியைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவப் போனவள், துண்டில் துடைத்த பிறகும் கை ஈரமாகவே இருப்பதைப் பார்த்தாள், இன்னொரு துண்டை எடுத்துத் துடைத்தாள், அப்போதும் ஈரமாகவே இருந்தது, சரி கடல்காற்று என்று நினைத்துக்கொண்டு சோறு வடிக்கப் போய்விட்டாள்.

அவளுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. காலை எட்டு மணி பஸ்ஸில் டவுனுக்குப் போய், டாக்டர்களுக்குப் பல்செட் செய்துகொடுக்கும் ஒரு சின்னக் கூடத்தில் முகம் தெரியாதவர்களின் பற்களை ராவி மெருகேற்றி டப்பாவில் அடைத்துவிட்டு நாலு மணி பஸ்ஸில் திரும்பி வருவாள். அவள் புருஷன் பெர்க்மான்ஸ் தோணியில் போகிறவன். ஏழு வருஷத்துக்கு முன்னால் மாலத்தீவுக்கு வெங்காயம் ஏற்றிப் போன தோணி ஒன்பது பேரோடு போய் எட்டுப் பேரோடு திரும்பி வந்தது. வந்தவர்களில் மூன்று பேர், வழியில் கொச்சியில் தண்ணீர் பிடிக்க நின்றபோது பெர்க்மான்ஸ் பையோடு இறங்கிப் போனதைக் கண்ணால் பார்த்தோம் என்றார்கள், மூன்று பேர் கொச்சிக்கு முந்தின நாளே காலைக் கஞ்சிக்கு அவன் இல்லை, கடல்தான் எடுத்துக்கொண்டது என்றார்கள், மிச்ச இரண்டு பேர் முதலில் ஒன்றும் பிறகு மற்றதும் சொன்னார்கள். போலீஸில் எழுதிக் கொடுத்தாயிற்று, பதில் வரவில்லை. கோயிலில் ஜெனோவா விதவைகளோடும் உட்காரவில்லை, மற்ற பெண்டுகளோடும் உட்காரவில்லை, இரண்டுக்கும் நடுவில் தூணை ஒட்டி நின்றாள், யாரும் அவளை இந்தப் பக்கம் வா என்றோ அந்தப் பக்கம் போ என்றோ சொல்லவில்லை, ஏனென்றால் எது சரி என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

அதற்கு முந்தின நடையில் பெர்க்மான்ஸ் ஒரு பலகைக் கட்டு கொண்டுவந்திருந்தான். முகத்துக்கு வெளிறிய மெல்லிய பலகை, முதுகுக்கும் பக்கத்துக்கும் கருந்தவிட்டு நிறத்தில் ஈட்டிப் பலகை, கழுத்துக்கு ஒரு தடித்த கட்டை, கூடவே ஒரு பொட்டலத்தில் கம்பிகளும் முறுக்காணிகளும். அடுத்த நடை வந்து கித்தார் செய்யப்போகிறேன் என்று சொல்லி பீரோ மேல் வைத்தான். அவன் வராமல் போன பிறகு அவளால் அதை எரிக்கவும் முடியவில்லை, யாருக்கும் தூக்கிக் கொடுக்கவும் முடியவில்லை, வருஷா வருஷம் பெரிய வியாழனுக்கு வீடு கழுவும்போது இறக்கித் துடைத்துத் திரும்ப ஏற்றி வைத்தாள். ஏழாம் வருஷம் இறக்கினவள் திரும்ப ஏற்றவில்லை. தொட்டால் கை தானாக அரத்தைத் தேடியது என்று பிற்பாடு சொன்னாள், அதற்கு மேல் காரணம் அவளுக்கே தெரியாது.

போனில் வீடியோ பார்த்துப் பார்த்துச் செய்தாள். முன்னறையில் கட்டிலைச் சுவரோடு சாய்த்துவிட்டு மேஜையை நடுவில் போட்டாள். பக்கப் பலகையை நனைத்து, உள்ளே கரி கனன்ற இரும்புக் குழாய் மேல் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இடுப்பு வளைவு வரும்வரை அழுத்தினாள், ஒரு பக்கம் கீறல் விட்டது, பசையில் மரத்தூளைக் குழைத்து அடைத்தாள். முகப் பலகைக்கு உள்ளே விசிறிபோல் பட்டிகள் ஒட்டினாள், விரலால் தட்டிக் காதில் வைத்துப் பார்த்து இன்னும் கொஞ்சம் சீவினாள். உள் விளிம்பை ஒட்டி இறுக்கிப் பிடிக்கக் கிளாம்ப் போதாமல் தெருத்தெருவாகப் போய்த் துணி மாட்டும் கிளிப்புகளை இரவல் வாங்கினாள், நூற்றுப் பதினெட்டு கிளிப், இரண்டு நாள் ஊரில் துணிகள் காற்றில் பறந்தன, யாரும் குறைசொல்லவில்லை. பிறகு உப்புத்தாளால் தேய்த்தாள், முரட்டுத் தாள், அடுத்து மெல்லிசுத் தாள், அதற்கும் மெல்லிசு, பல்லுக்கு மெருகேற்றுகிற கை என்பதால் மரம் கடைசியில் உள்கன்னம்போல வழுவழுத்தது. பிறகு அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து, வட்டம் வட்டமாகப் பூசினாள். பத்து நிமிஷத்தில் காய்கிற பூச்சு அது. பதினேழு பூச்சும் காய்ந்தன. பதினெட்டாவது காயவில்லை.

திங்கட்கிழமை ஊரில் துவைத்த துணி செவ்வாய்க்கிழமையும் சொட்டிக்கொண்டிருந்தது. புதன்கிழமை கடற்கரைக் களத்தில் பரப்பின நெத்திலி, பரப்பினபோது இருந்த மாதிரியே பளபளவென்று கண்ணை முழித்துக்கொண்டு கிடந்தது. கோயில் முன்னால் மாதா சிலை வைக்கப் புதிதாகக் கட்டிய கெபியில் பூசின சிமெண்டு பிசைந்த மாவாக நின்றது. வெயிலுக்குக் குறைவில்லை, காற்றுக்கும் குறைவில்லை, மணலில் கால் வைத்தால் சுட்டது, ஆனால் ஈரமாக இருந்தது. ஜனங்கள் இதைப் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை, சிரமமாக எடுத்துக்கொண்டார்கள். ஈரச் சட்டையோடு வேலைக்குப் போனார்கள், ஈரத் தலையோடு பெண்கள் கல்யாண வீட்டுக்குப் போனார்கள், பள்ளிக்கூடத்தில் பேனாவை நிறுத்திவிட்டுப் பென்சில் கொடுத்தார்கள். ஞானஸ்நானம் வாங்கின ஒரு குழந்தையின் நெற்றியில் தண்ணீர் அப்படியே நின்றது, ஆசீர்வாதம் என்று அதன் அம்மா ஊரெல்லாம் காட்டினாள், மூன்றாம் நாள் சளி பிடித்ததும் அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டாள். கண்ணீரும் காயவில்லை. யார் வீட்டில் யார் அழுதார்கள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, ஊருக்கே கறாராகப் பேசுகிற சிலர் கன்னம் நனைந்து நடந்தார்கள், மற்றவர்கள் வேர்வை என்று எடுத்துக்கொள்ளும் மரியாதையைக் கற்றுக்கொண்டார்கள். ஜெனோவாவின் முகம் காய்ந்தே இருந்தது. அதையும் கவனித்தார்கள்.

தன் கித்தாரும் காயவில்லை என்பதைத் தண்ணீர்க் குழாயடியில் அவளேதான் சொன்னாள், ஒளிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அதிலிருந்து பேச்சு அந்தப் பக்கம் திரும்பியது. கிளிப்புகளை வாங்கிப் போனதோடு ஊரின் காய்கிற குணத்தையும் வாங்கிப் போய்விட்டாள் என்று சிலர் சொன்னார்கள், அப்படியானால் திருப்பிக் கொடுத்தபோது திரும்பியிருக்க வேண்டுமே என்று மற்றவர்கள் கேட்டார்கள். கித்தாரால்தான் ஊர் காயவில்லையா, ஊர் காயாததால்தான் கித்தார் காயவில்லையா என்று ஊர்க் கமிட்டி இரண்டு முறை கூடிப் பேசி, இரண்டு முறையும் டீ குடித்துவிட்டுக் கலைந்தது.

ஓடைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆலந்தேரியில் எல்லாம் வழக்கம்போலக் காய்ந்தது. அதனால் புன்னைக்கடவுப் பெண்கள் ஈரத்துணி மூட்டைகளோடு பாலம் தாண்டிப் போகத் தொடங்கினார்கள், ஆலந்தேரிக்காரர்களும் கொடி கட்டக் கம்பு நட்டுக் கொடுத்தார்கள், ஆனால் துணிக்குப் பின்னால் கருவாடு போனபோது மூக்கைப் பொத்திக்கொண்டு சுடுகாட்டை ஒட்டின மேட்டைக் காட்டினார்கள். அங்கே ஒரு வாரம் நெத்திலி காய்ந்தது. பிறகு யாரோ, கித்தாரையே அங்கே கொண்டுபோய்க் காயவைத்தால் என்ன என்று கேட்டார்கள், இது ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை என்று எல்லோரும் வெட்கப்பட்டார்கள். ஜெனோவா அதைத் தொட்டில்போலக் கயிற்றில் தொங்கவிட்டு ஆட்டோவில் பாலம் தாண்டிக் கொண்டுபோனாள். அது அங்கேயும் காயவில்லை. அது அங்கே இருந்த மூன்று மணி நேரமும் ஆலந்தேரியில் எதுவும் காயவில்லை. அப்படியானால் அந்த நேரத்தில் புன்னைக்கடவாவது காய்ந்திருக்க வேண்டும், அதுவும் நடக்கவில்லை. ஆலந்தேரிக்காரர்கள் கித்தாரையும் கருவாட்டையும் துணியையும் சேர்த்துப் பாலத்துக்கு இந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, இனிமேல் கல்யாணம் கருமாதிக்கு மட்டும் வாருங்கள் என்று மரியாதையாகச் சொன்னார்கள். முன்னால் குழம்பியிருந்தவர்கள் இப்போது அதிகம் குழம்பினார்கள்.

கடற்கரைக் களத்தில் மீன் காயவைத்து நாற்பது பெண்கள் பிழைத்தார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவள் பெர்க்மான்ஸின் அக்கா இன்னாசியம்மாள், அறுபதைத் தொடப் போகிறவள், மீன் வந்த வாசனையிலேயே எத்தனை நாள் வெயில் வேண்டும் என்று சொல்கிறவள். உப்புத் தொட்டிகள் நிரம்பி வழிந்தன, சாளை கரைந்து கூழானது, தொட்டியைக் கவிழ்த்து மணலில் புதைக்க வேண்டியதாயிற்று. முப்பதாம் நாள் கமிட்டிக்காரர்கள் அவளோடு ஜெனோவா வீட்டுக்கு வந்து, பூச்சைத் துடைத்து எடுத்துவிடு தாயே என்று கேட்டார்கள். ஜெனோவா மறுக்கவில்லை. அவர்கள் பார்க்கப் பார்க்க ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்து, பதினெட்டுப் பூச்சையும் அடியோடு துடைத்து, வெறும் மரமாக்கிக் காட்டினாள். மறுநாள் காலையில் மரம் அதே பளபளப்போடு அதே ஈரத்தோடு இருந்தது. கமிட்டித் தலைவர் விரலை வைத்துப் பார்த்தார், ரேகை பதிந்தது, சிறிது நேரத்தில் ரேகையும் மூடிக்கொண்டது. அவர் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, இதை உடைக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, உடைத்தாலும் என்ன ஆகும் என்று தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

முப்பத்தாறாம் நாள் மூன்று மணி வாக்கில் இன்னாசியம்மாள் தனியாக வந்தாள். ஞாயிற்றுக்கிழமை, ஜெனோவா வீட்டில் இருந்தாள். இரண்டு பேரும் மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்தார்கள், நடுவில் கித்தார் கிடந்தது. பெரியவளின் கன்னம் நனைந்திருந்தது, எத்தனை நாளாக அப்படி இருக்கிறது என்று ஜெனோவாவுக்குத் தெரியவில்லை.

"ஏட்டி, கோயில்ல கஸ்பார் சாமியார்கிட்டப் பேசிட்டேன்" என்றாள் இன்னாசியம்மாள். "ஏழு வருசம் ஆச்சி. செத்தவங்களுக்கு வைக்கிற பூசையை வச்சிருவோம். நீ ஒரு வார்த்தை சொல்லு."

"எனக்குத் தெரியலையே மைனி."

"என்ன தெரியல?"

"அவிய இருக்காவளான்னு தெரியல. இருக்கணும்னு நெனைக்கேனா, போயிருக்கணும்னு நெனைக்கேனா, அதுவும் தெரியல."

 இன்னாசியம்மாள் கித்தாரைப் பார்த்துக்கொண்டே, ஐந்து வருஷமாக மனசுக்குள் வைத்திருந்ததைச் சொன்னாள். பெர்க்மான்ஸ் போன இரண்டாம் வருஷம் ஐஸ் லாரிக்காரன் ஒருத்தன் களத்துக்கு வந்தானாம், கொச்சி மார்க்கெட் பக்கம் ஒரு டீக்கடையில் பெர்க்மான்ஸைப் பார்த்தேன் என்றானாம், பேர் சொல்லிக் கூப்பிட்டதும் அந்த ஆள் திரும்பிப் பார்த்தானாம், பிறகு கிளாஸை வைத்துவிட்டுப் போய்விட்டானாம். அது அவன்தானா, பேரைக் கேட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பார்களே, அந்த லாரிக்காரன் குடித்திருந்தானா, ஒன்றும் அவளுக்குத் தெரியாது.

"எங்கிட்ட ஏன் சொல்லல மைனி?"

"சொன்னா நீ போயிருப்ப. போயி அவன் இல்லைன்னா ஒரு துக்கம். இருந்தாம்னா அதைவிடப் பெரிய துக்கம். எதுலேர்ந்து ஒன்னைக் காப்பாத்துனேன்னு எனக்கே தெரியல."

ஜெனோவா கோபப்பட வேண்டும் என்று நினைத்தாள், கோபம் வருகிற இடத்தில் தேடிப் பார்த்தாள், அங்கே ஒன்றும் இல்லை. காயும்வரை தொடாதே, காய்ந்தபிறகுதான் கம்பி மாட்ட வேண்டும் என்று வீடியோவில் ஒரு ஆள் சொல்லியிருந்தான், முப்பத்தாறு நாள் அதைக் கேட்டு நடந்தாள், இப்போது யோசித்தால் அவன் யார், அவன் சொன்னதை ஏன் கேட்டோம் என்றே விளங்கவில்லை. எழுந்துபோய்ப் பொட்டலத்தை எடுத்துவந்தாள். ஈரப் பூச்சில் விரல் ஒட்ட ஒட்ட ஆறு கம்பிகளையும் மாட்டினாள், முறுக்காணியைத் திருகினாள், ஒரு கம்பி அறுந்தது, பொட்டலத்தில் இருந்த உபரியை மாட்டினாள். இன்னாசியம்மாள் நாற்காலியை நகர்த்தவில்லை. ஜெனோவாவுக்கு வாசிக்கத் தெரியாது, மூன்று விரலை எங்கே வைக்க வேண்டும் என்று ஒரே ஒரு பிடி மட்டும் தெரியும். கித்தாரை மடியில் வைத்து, வலது முன்கையை அதன் மேல் விளிம்பில் சாய்த்து, அந்தப் பிடியைப் பிடித்துக் கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுத்தாள்.

நல்ல சத்தம் என்று சொல்ல முடியாது. ஒரு கம்பி கரகரத்தது. ஆனால் அந்தச் சத்தம் பலகைக்குள் போய்ச் சுற்றி, அவள் வயிற்றில் அதிர்ந்து, வெளியே வந்தபோது உள்ளே போனதைவிட அகலமாக இருந்தது, அவள் இன்னொரு முறை இழுத்தாள், இன்னொரு முறை, நாலாவது முறையில் கடற்கரைப் பக்கமிருந்து சடசடவென்று ஒரு சத்தம் வந்தது, களத்தில் கிடந்த நெத்திலி அத்தனையும் ஒரே நேரத்தில் சுருங்குகிற சத்தம் அது.

முப்பத்தாறு நாள் காயாததெல்லாம் ஒரே மத்தியானத்தில் காய்ந்தது. கொடியில் கிடந்த சேலைகள் பலகையாக விறைத்தன. கெபியின் சிமெண்டு வெளுத்துக் கெட்டியானது. குழந்தையின் நெற்றி காய்ந்தது, அது தும்மிவிட்டுத் தூங்கியது. எல்லோருக்கும் உதடு வெடித்தது, எல்லோரும் ஒரே நேரத்தில் தண்ணீர் கேட்டார்கள். தெருவில் சத்தமும் ஓட்டமுமாக இருந்ததால் ஜெனோவா வாசித்ததை இன்னாசியம்மாளைத் தவிர யாரும் கேட்கவில்லை.

வாசிப்பதை நிறுத்திவிட்டு எழுந்திருக்கப் பார்த்தபோதுதான் முன்கை கித்தாரோடு ஒட்டிக் காய்ந்திருப்பது தெரிந்தது. இன்னாசியம்மாள் ஸ்பிரிட் பாட்டிலைத் தேடி எடுத்து, பஞ்சை நனைத்து, தோலுக்கும் மரத்துக்கும் நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, கருவாட்டைப் பாயிலிருந்து உரிக்கிற பக்குவத்தில் பிரித்தெடுத்தாள். அவள் கன்னத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

"வலிக்குதா?" என்று கேட்டாள்.

"தெரியல மைனி" என்றாள் ஜெனோவா, அப்போதுதான் அழுதாள்.

ஊர் காய வேண்டும் என்று ஒன்பது நாள் சொன்ன நவநாள் ஜெபம் அன்றைக்குத்தான் முடிந்தது, அதனால் காய்ந்தது என்று கோயிலார் சொன்னார்கள், காற்று தெற்கே திரும்பியதால்தான் என்று படகுக்காரர்கள் சொன்னார்கள், கித்தாருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று முப்பத்தாறு நாளும் கித்தாரைக் குற்றம் சொன்னவர்களே அதிகமாகச் சொன்னார்கள். நாற்பது பெண்களும் திரும்பக் களத்தில் மீன் பரப்பினார்கள். இன்னாசியம்மாள் ஒரு வாரம் வேலையை மற்றவர்களிடம் விட்டுவிட்டு ஜெனோவாவைக் கூட்டிக்கொண்டு ரயிலேறிக் கொச்சிக்குப் போனாள். மார்க்கெட் பக்கம் மூன்று டீக்கடையில் போட்டோவைக் காட்டினார்கள். ஒரு கடைக்காரர் பார்த்ததே இல்லை என்றார், ஒருவர் இதே முகம்தான், போன வருஷம்வரை வந்துகொண்டிருந்தான் என்றார், மூன்றாமவர் போட்டோவை வெகுநேரம் பார்த்துவிட்டு, இப்படி நிறையப் பேர் வருகிறார்கள் அம்மா என்று சொல்லி இரண்டு பேருக்கும் டீ கொடுத்தார். குடித்துவிட்டு வந்தார்கள்.

திரும்பி வந்த சனிக்கிழமை ஜெனோவா தானாகவே கஸ்பார் சாமியைப் பார்க்கப் போனாள், மைனியும் கூடப் போனாள். பூசையில் பேர் வாசிக்க வேண்டும் என்று சொன்னார்கள். சாமி நோட்டை எடுத்துப் பிரித்து, செத்தவர்களுக்கான பக்கத்தில் எழுதட்டுமா, பயணம் போனவர்களுக்கான பக்கத்தில் எழுதட்டுமா என்று கேட்டார். இரண்டு பெண்களும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். சாமி இரண்டு பக்கமும் சேர்கிற மடிப்பில், பேனா மையை உறிஞ்சுகிற அந்த ஒடுக்கமான இடத்தில், பெர்க்மான்ஸ் என்று எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் பயணம் போனவர்களின் பேர்கள் முடிந்து, செத்தவர்களின் பேர்கள் தொடங்குவதற்கு முன்னால், சாமி அந்தப் பேரை வாசித்தார். இரண்டு வரிசைக்கும் ஜனங்கள் சொல்கிற பதில் ஜெபம் வேறு வேறு, இந்தப் பேருக்கு எதைச் சொல்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.  பாதிப் பேர் எழுந்து நின்று பயணம் போனவர்களுக்கான பதிலைச் சொன்னார்கள், பாதிப் பேர் முழங்காலிட்டுச் செத்தவர்களுக்கான பதிலைச் சொன்னார்கள், சிலர் எழுந்து பாதியில் முழங்காலிட்டார்கள், குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. இன்னாசியம்மாள் முழங்காலிட்டிருந்தாள். அவள் பக்கத்தில் நின்ற ஜெனோவா இரண்டு பதிலையும் சொன்னாள்.